பறவைக் காப்பகங்களுக்கு எல்லை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பக அதிகாரிகளுக்கும், அவற்றின் வரைபடங்களைத் தயாரிக்கும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

நான் விஞ்ஞானி இல்லை. விடிகாலையில் தொலைநோக்கியோடு கிளம்பி, வலசை வந்த பறவைகளை எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கிற ஆள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் போட்ட வேலிகள் இல்லாவிட்டால் பல இடங்களில் எண்ணுவதற்கே பறவை மிஞ்சியிருக்காது. ஆனாலும் அந்த வேலியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காப்பகம் என்றால் உங்கள் கோப்பில் முக்கியமாக இரண்டு விஷயங்கள் இருக்கும்: ஓர் எல்லைக்கோடு, சில தேதிகள். இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை உள்ளே போகக்கூடாது, புல் அறுக்கக்கூடாது என்று. பறவை ஆண்டுதோறும் அதே இடத்துக்கு, அதே நாட்களில் வரும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. பூமி சூடாகச் சூடாக இரண்டுமே நழுவுகின்றன.

முதலில் தேதி. கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்க் கூடு கட்டும். குஞ்சுக்கு ஊட்டப் புழு வேண்டும். வசந்தம் முந்தியதால் புழுக்களும் முந்திக்கொண்டன. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு அந்தச் சேதி எப்படிப் போய்ச் சேரும்? நெதர்லாந்தில் புழுக்கள் மிகவும் முந்திப் பெருகிய காடுகளில், இருபது ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்துவிட்டது என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஈப்பிடிப்பானைவிட என்னை அதிகம் உலுக்கியது நாட் என்ற உள்ளான். இது உண்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஈரச் சேற்றில் அலகைச் சடசடவென்று குத்திக்கொண்டே போகும். அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்புகள் உண்டு. சேற்றுக்குள் மட்டி புதைந்திருந்தால் தொடாமலேயே தெரிந்துவிடும். எடுத்ததும் ஓட்டோடு முழுங்கும், வயிற்றிலேயே நொறுக்கிக்கொள்ளும். இதன் ஒரு பிரிவு சைபீரியாவின் வடகோடியில் உள்ள தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியாவின் பாங்க் தார்கான் சேற்றுவெளிக்கு வருகிறது. தைமிரில் 33 ஆண்டுகளாகப் பனி ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னதாக உருகியிருக்கிறது. பூச்சிகள் பெருகும் நாட்களைத் தவறவிட்ட குஞ்சுகள் சின்னதாக வளர்கின்றன, அலகும் குட்டையாகிறது. குட்டை அலகு ஆழத்தில் இருக்கும் மட்டியை எட்டாது. எனவே கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ளுகின்றன, பல பிழைப்பதில்லை. 2016-இல் வெளியான ஆய்வு இது. பாங்க் தார்கான் ஒரு தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியக் களம். காவல் அங்கே இருக்கிறது. கணக்குத் தப்பியது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பனியில்.

சரி, இடத்துக்கு வருவோம். பெரு நாட்டின் பாண்டியகோல்லா மலைமுகட்டில் 1985-இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-இல் அதே சரிவில் மறுபடி ஏறிப் பார்த்தார்கள். வெப்பம் கூடியது அரை டிகிரிக்கும் குறைவு. பறவைகள் மேலே நகர்ந்திருந்தன. உச்சியில் இருந்தவற்றுக்கு ஏற மேலே மலை இல்லை. சில இனங்களைக் காணவே முடியவில்லை. காப்பகக் கோடு மலையின் பாதியில் நின்றுவிட்டால், மீதிப் பாதியில் தோட்டமோ விடுதியோ வந்துவிட்டால், இடைநிலைப் பறவைகளுக்கும் இதே கதிதான்.

கடற்கரையில் நிலைமை இன்னும் மோசம். கடல் மட்டம் உயரும்போது சேற்றுவெளி தானாகவே கரைப்பக்கம் நகரப் பார்க்கும். அங்கே நாம் ஒரு தடுப்புச்சுவர் கட்டி வைத்திருப்போம். முன்னால் கடல், பின்னால் சுவர், நடுவில் சேறு நசுங்கிக் காணாமல் போகும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருக்கும் மஞ்சள் கடலின் கரையோரம் ஏற்கெனவே ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சேற்றுவெளியை இழந்திருக்கிறது, பெரும்பாலும் நாமே மண் கொட்டி நிரப்பியதால். அலாஸ்காவுக்கு முட்டையிடப் போகும் வழியில் பட்டைவால் மூக்கன்கள் இறங்கி இரை தேடும் இடம் அது. 2022-இல் ஒரு இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. அந்தச் சாதனையை எல்லோரும் பகிர்ந்தார்கள், நானும்தான். திரும்பும் வழியில் அதற்குச் சோறு போடும் சேற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. இங்கிலாந்தின் வாலசீ தீவில் 2015-இல் கடல் சுவரைத் தாங்களே உடைத்து, நிலத்தைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். லண்டன் ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடு பள்ளம் அமைத்த பிறகுதான் உடைத்தார்கள். கலிபோர்னியாவில் 2014 முதல் வேறொரு வழி: பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த கணக்கை வைத்து, வலசை வரும் சில வாரங்களுக்கு மட்டும் வயலில் தண்ணீர் நிறுத்த நெல் விவசாயிகளுக்குப் பணம் தருகிறார்கள். நிலத்தை வாங்கவில்லை. பறவை வேறு இடம் பார்த்தால் அடுத்த ஆண்டு தண்ணீரும் அங்கே போகும். என்னைப் போன்றவர்களின் நோட்டு ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்குப் பயன்படும் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். தடை நாட்களைச் சட்டத்தில் ஒருமுறை எழுதி மறந்துவிடாதீர்கள்; அந்தந்த ஆண்டின் முதல் வருகை, முதல் முட்டை, இவற்றைப் பார்த்து அறிவியுங்கள். மலையில் கோடு போட்டால் உச்சி வரை போடுங்கள். கடலோரத்தில், சேற்றுக்கு மட்டும் போடாமல் சுவருக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வரைபடத்தில் அந்த நிலம் இன்று எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது? பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பறவைகளை எண்ணுகிற ஒருவன்