பட்டாம்பூச்சியை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வசந்தகாலப் பட்டாம்பூச்சிகளை அருகில் போய்ப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். லென்ஸ், வெளிச்சம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால், பூச்சி அசையாமல் இருக்க அதைப் பிடித்து டப்பாவில் அடைத்து, கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

பட்டாம்பூச்சி வெயில் காய்ந்துதான் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்புத் தசைகள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடானால்தான் அதனால் நன்றாகப் பறக்க முடியும். விறைத்துக் கிடக்கும்போது எறும்பு வந்தால்கூடத் தப்ப முடியாது. பிடிக்கும்போதே இறக்கைச் செதில்கள் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவை மறுபடி முளைப்பதில்லை. வசந்தத்தில் பறப்பவற்றில் முட்டையிடத் தளிர் தேடி அலையும் பெண்பூச்சிகளும் உண்டு. அவற்றையா டப்பாவில் அடைப்பது?

ஒருவர் இப்படிச் செய்ததை நேரிலேயே பார்த்தேன். பூவின்மேல் வைத்தார், கால்கள் இதழைப் பற்றவே இல்லை. உணர்கொம்புகள் தொங்கிப்போய், உறிஞ்சுகுழல் சுருண்டபடியே, ஒருபக்கமாகச் சாய்ந்தது. குச்சியால் நிமிர்த்தி நிமிர்த்திப் படமெடுத்தார். தேன் குடிக்கும் காட்சி என்று அந்தப் படம் பிறகு ஒரு போட்டியில் பரிசும் வாங்கியது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெயில் ஏறுமுன் போனாலே போதுமே! குளிரில் தானாகவே செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் நிழல் அதன்மேல் விழாமல், மெல்ல மண்டியிட்டு நெருங்க வேண்டும். 1:1 அளவில், அதாவது பூச்சியின் பிம்பம் கேமராவின் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதனால், மூடிய இறக்கைக்கு இணையாக கேமராவைப் பிடித்து, கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும். தவறும், மறுநாள் மறுபடி போக வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர் எதற்குப் பட்டாம்பூச்சியைத் தேடிப் போக வேண்டும்?

முன்பு ஓர் இதழில் அந்துப்பூச்சியைப் பட்டாம்பூச்சி என்று போட்டீர்கள். உணர்கொம்பு சீப்புபோல் கிளைத்திருந்தது. பட்டாம்பூச்சிக்கு அது நுனியில் குமிழாகத் தடித்திருக்கும். எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் அட்டைப்படத்தில், முன்னிறக்கையின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி விரித்த ஒன்று. அது ஊசி குத்திப் பதப்படுத்திய பூச்சியின் நிலை. அதையும் எழுதினேன். உங்கள் இதழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவன் நான். இந்தக் கட்டுரையை எப்படிக் கொடுப்பேன்?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்தான்: பூச்சியைப் பிடிக்க வேண்டாம், குளிர வைக்க வேண்டாம். அதை அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள். வசந்தம் முடிந்தபின் வந்தால் பயனில்லை.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்