மெட்டல் இதழ்களின் அட்டைகள் அலங்கோலம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் இதழின் இளைஞர் பக்கத்தில் அண்மையில் மின்கிட்டாரின் கனத்த, உரத்த ஓசையை முதன்மையாகக் கொண்ட ஹெவி மெட்டல் என்ற ராக் இசை வகை குறித்து வெளிவந்த கட்டுரையையும், அதற்கு வாசகர் ஒருவர் எழுதிய மறுப்பையும் படித்தேன். மறுப்பெழுதிய அன்பர் இசையை விட்டுவிட்டு, அந்த இசைக்கென்றே வெளிவரும் ஆங்கிலப் பத்திரிகைகளின் அட்டைகளைப் பிடித்துக்கொண்டார். மண்டையோடு, நெருப்பு, படிக்கவே முடியாத எழுத்து ஆகியவற்றைக் கொண்ட அந்த அட்டைகள் வெறும் அலங்கோலம் என்றும், பிள்ளைகளின் பணத்தைப் பறிக்கும் தந்திரம் என்றும் அவர் முடித்திருந்தார். டர்பன் நகர அச்சகங்களில் பிளேட் எனும் அச்சுத் தகட்டுக்கும் அச்சு மசிக்கும் நடுவே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. காதில் விழும் ஓசையைத் தாளில் கண்ணுக்குத் தெரியும்படி இறக்கப் பழகியவர்கள் செய்த வேலை அது. அதில் அருமையானதும் உண்டு, அரைத்த மாவும் உண்டு. ஆனால் எதைப் பழிப்பதாயினும் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்த பிறகு பழிப்பதே முறை.

இவ்வகை இதழ்களில் பெரும்பெயர் பெற்ற கெராங்! என்பதையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த சவுண்ட்ஸ் என்ற இசை வார இதழின் இணைப்பாக 1981 ஜூனில் அது முதன்முதலாக வெளிவந்தது. மின்கிட்டாரின் தந்திகளை ஓங்கி மீட்டினால் எழும் ஓசையைத்தான் அதற்குப் பெயராக வைத்தார்கள். பெயரின் பின்னால் ஓர் ஆச்சரியக்குறியையும் நிறுத்தினார்கள். இதழின் பெயரே ஓசையாக இருக்கும்போது, அதன் எழுத்துகள் அமைதியாக அமர்ந்திருக்க முடியாது அல்லவா? முதல் இதழின் அட்டையில் இடம்பெற்றவர் ஏசி/டிசி குழுவின் கிட்டார் கலைஞர் ஆங்கஸ் யங். அக்குழுவின் பெயரை 1977இல் எழுத்தாக வடித்துக்கொடுத்த ஜெரார்ட் ஹுவெர்ட்டா என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், அதற்கு முன்மாதிரியாகக் கொண்டது கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளின் எழுத்துகளை. அச்சுத் தொழிலின் ஆதிப் புத்தகத்தில் உள்ள எழுத்து, மதுக்கடை மேடைகளில் வளர்ந்த ஒரு குழுவின் முத்திரையாயிற்று. அகன்ற அலகுடைய பேனாவால் நெருக்கி நெருக்கி எழுதிய அந்தப் பழைய ஐரோப்பிய எழுத்தில் வளைவு குறைவு, முறிவு அதிகம். ஒரு பத்தியை எட்ட நின்று பார்த்தால் எழுத்து தெரியாது, கறுப்புக் கட்டம்தான் தெரியும். மோட்டர்ஹெட் குழுவும் அதே வகை எழுத்தைத்தான் சூடிக்கொண்டது. போதாக்குறைக்குப் பெயரின் நடுவே ஜெர்மன் மொழியில் வரும் இரண்டு புள்ளிகளையும் வைத்துக்கொண்டது. உச்சரிப்பில் அப்புள்ளிகளுக்கு ஒரு வேலையும் இல்லை. பார்வைக்கு ஒரு கடுமை வேண்டும் என்பதே நோக்கம்.

இந்தக் கறுப்பைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மறுப்பெழுதிய அன்பருக்கு மிகவும் எரிச்சலூட்டியது அதுதான். ஹெவி மெட்டலில் கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபையரின் தாங்கும் எல்லைக்கு மேல் தள்ளுகிறார்கள். அப்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, தனித்தனி மீட்டல்களுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி அடைபட்டுப் போகிறது. பிளாக் சப்பத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் ஓர் உலோகத் தகடு ஆலையில் விரல் நுனிகளை இழந்தவர். தந்திகளை அழுத்துவது எளிதாக வேண்டும் என்று பிற்பாடு அவற்றைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். ஓசை மேலும் கனத்தது. இடைவெளி இல்லாத இந்த ஓசையை, நான்கு பக்கமும் தாராளமாக வெள்ளை விட்ட ஒரு பக்கத்தில் எப்படிக் காட்டுவது? ஆகவேதான் பக்கம் முழுவதும் கறுப்பை நிரப்பி, எழுத்தை வெள்ளையில் விடுகிறார்கள்.

அச்சகத்தில் இது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் கறுப்பு மையை மட்டும் ஓட்டினால், பெரும்பரப்பு சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரியும். ஆகவே அடியில் சயான் என்ற நீல மையை நாற்பது விழுக்காட்டளவுக்கு வைத்து, அதன்மேல் கறுப்பை ஏற்றுவோம். அப்படி ஏற்றியதும் மை கூடிவிடும், காயத் தாமதமாகும். கீழ்த்தாளின் மை மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாள்களுக்கிடையே பவுடர் தூவ வேண்டும். பிளேட் மயிரிழை விலகினாலும் வெள்ளெழுத்தின் ஓரத்தில் நீலம் எட்டிப்பார்க்கும். மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்தை எட்டுப் பாயிண்ட் என்ற சிறிய அளவில் வெள்ளையில் விட்டால், சுற்றியுள்ள மை உள்ளே பாய்ந்து வயிற்றை அடைத்துவிடும்; லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆங்கில ‘e’ எழுத்துகளெல்லாம் வெறும் பொட்டுகளாகக் கிடக்கும். அந்த இதழ்கள் தடித்த, கூரான, அகலக் கோடுள்ள எழுத்துகளை விரும்பியதற்கு இசையின் மிடுக்கு ஒரு காரணம் என்றால், இயந்திரத்தின் இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்பது என் துணிபு. இரண்டும் ஒரே திசையில் இழுத்ததால்தான் அந்தத் தோற்றம் நிலைத்தது.

எல்லா மெட்டல் அட்டைகளும் ஒன்றுபோல இருக்கின்றன என்பது அன்பரின் இன்னொரு குறை. ஊன்றிப் பார்த்தால் அப்படி இல்லை. பிளாக் சப்பத்தின் 1970ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் அட்டையில் பேயும் இல்லை, இரத்தமும் இல்லை: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் மேப்பிள்டர்ஹாம் என்ற இடத்தில் உள்ள பழைய நீராலை, அதன் முன்னே கரிய உடையில் ஒரு பெண், அகச்சிவப்புப் படச்சுருளால் நிறம் திரிந்த செடிகள். மெதுவான, பாரமான இசைக்கு அந்த அசைவற்ற படம் போதுமாக இருந்தது. 1980களில் இசை வேகமெடுத்து திராஷ் என்று பிரிந்தபோது, அட்டைகளும் கூட்டமும் கூச்சலும் கொண்டவையாக மாறின. மெகாடெத் குழுவுக்காக எட் ரெப்கா 1986இல் வரைந்ததில் இடிந்து கிடக்கும் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடம் பின்னணியாக நிற்கிறது. அணுகுண்டுப் பயம் நிறைந்த அந்தக் காலத்தை அறிந்தவர்கள் அதைப் பார்த்து அலங்கோலம் என்று சொல்லமாட்டார்கள். பிளாக் மெட்டல் என்ற இன்னொரு கிளையைச் சேர்ந்த நார்வேக் குழுக்களோ 1990களின் தொடக்கத்தில் நேரெதிர் வழியில் சென்றன. மலிவான கருவிகளில், வேண்டுமென்றே கரகரப்பாகப் பதிவு செய்த இசைக்கு ஏற்றபடி, நகலெடுத்து நகலெடுத்து கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுநிறங்கள் எல்லாம் தேய்ந்துபோன கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை அவர்கள் அட்டையாக்கினார்கள். ரசிகர்கள் கையால் ஒட்டித் தயாரித்த சிற்றிதழ்களும் அதே தோற்றத்தில் இருந்தன.

படிக்க முடியாத எழுத்தும் பெரும்பாலும் அந்த வட்டாரத்துச் சரக்குதான். எம்பரர் என்ற நார்வேக் குழுவின் பெயரை வடித்த பெல்ஜியம் நாட்டவர் கிறிஸ்டோஃப் ஸ்பைடெல், இத்தகைய பெயர் முத்திரைகளை ஆயிரக்கணக்கில் வரைந்தவர். வேரும் கிளையுமாகப் பின்னி, நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக அமைந்த அந்த வேலைப்பாட்டில், நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தின் இழையைத் தொடர்வது போலத்தான் எழுத்தைத் தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது. அறியாதவன் படிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். கடையின் அலமாரியில் அந்த முத்திரையைக் கண்டவுடன் அடையாளம் காண்பவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். மற்றவன் வேறு இதழை வாங்கிக்கொள்ளலாம்.

மண்டையோட்டுக்கு வருகிறேன். அயர்ன் மெய்டன் குழுவின் எடி என்ற எலும்புருவம், முதலில் மேடையின் பின்புறம் மாட்டிய ஒரு முகமூடி. 1980இல் டெரெக் ரிக்ஸின் ஓவியத்தால் ஆல்பத்தின் அட்டைக்கு வந்தது. பத்திரிகைகளுக்கு அதனால் பெரிய ஆதாயம் இருந்தது. எடிக்கு வயதாவதில்லை, அட்டைப் படத்துக்காக அவன் வந்து நிற்க வேண்டியதில்லை, எந்த உடையையும் போட்டுவிடலாம். சாத்தான் வழிபாடு என்று அஞ்சுவோர் இந்தச் சாதாரண வியாபாரக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். கபால மாலை அணிந்து நாக்கை நீட்டி நிற்கும் காளியின் படம் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எத்தனையோ பூஜை அறைகளில் மாட்டியிருக்கிறது; அதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளா எடியைக் கண்டு மிரளப் போகிறார்கள்? இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காளியின் மாலை பக்திக்கு உரியது, எடியின் பல்லிளிப்பு எள்ளலுக்கு உரியது. ஆனால் கோரமான உருவம் எல்லாம் கெட்டது என்ற வாதம் நம் வாயிலிருந்து வரக்கூடாது.

தென்னாப்பிரிக்காவில் இந்த இதழ்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது என்பதை இன்றைய வாசகர்கள் அறியமாட்டார்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்கள் இங்கு வந்து வாசிக்கத் தடை விதித்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் 1980இல் கலாசாரப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. அந்தத் தடை நியாயமானது, அதை நான் ஆதரித்தேன். அதன் விளைவாக, இங்கிருந்த ரசிகனுக்கு மேடை என்பது பத்திரிகையின் நடுப்பக்கமே ஆயிற்று. அயர்ன் மெய்டன் இந்நாட்டில் வந்து வாசித்தது 2016இல்தான். அதுவரை, கப்பலில் தாமதமாக வந்துசேர்ந்த இதழின் நடுவே, இரண்டு பின்களுக்கு மேல் விரிந்த போஸ்டரைப் பார்த்துத்தான் அந்த ஓசையின் அளவைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. புகைப்படக்காரர்களும் அதை அறிந்தே எடுத்தார்கள் எனலாம். மேடைக்குக் கீழே குனிந்து, அகலக் கோண லென்ஸை மேல்நோக்கிப் பிடிக்கும்போது கிட்டாரின் கழுத்து நம் முகத்தில் இடிப்பது போல நீள்கிறது. மெதுவான ஷட்டரோடு ஃபிளாஷையும் சேர்த்தால் முகம் உறைந்து நிற்க, சுழலும் கூந்தல் மட்டும் கோடுகளாக இழுபடுகிறது. அசையாத தாளில் தாளகதியைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

இவற்றின் மீது எனக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்காக அட்டைகளில் ஆண்களே நின்றார்கள். பெண்கள் பெரும்பாலும் அலங்காரமாகவே வந்தார்கள். தோலுடையும் ஆணிப் பட்டையும் ஆண்மையின் சின்னமாகப் பக்கம் பக்கமாக விற்கப்பட்டன. அந்த உடையை மெட்டல் மேடைக்குக் கொண்டுவந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட், தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று 1998இல் வெளிப்படையாகச் சொன்னபோது, அந்த விற்பனைப் பேச்சு எவ்வளவு பொள்ளலானது என்பது தெரிந்தது. பனிக்காட்டையும் வைக்கிங் கோடரியையும் வெயில் கொளுத்தும் நாடுகளில் உள்ளவர்கள் அப்படியே நகலெடுப்பதும் எனக்கு உவப்பில்லை. பிரேசில் நாட்டு செபல்டுரா குழு 1996இல் தன் நாட்டுப் பணத்தாளில் இருந்த பழங்குடி மனிதரின் முகத்தை அட்டையாக்கியது. நம் அண்டை நாடான போட்ஸ்வானாவில் மெட்டல் ரசிகர்கள் தோலுடையோடு கௌபாய் எனும் மாட்டிடையர் தொப்பியும் அணிந்து திரிவதை, தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் ஃபிராங்க் மார்ஷல் அழகாகப் பதிவு செய்திருக்கிறார். சிங்கப்பூரில் தமிழர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, வேத மந்திரங்களையே தன் இசைக்கும் அட்டைக்கும் பொருளாக்கி வருகிறது. அவரவர் மண்ணிலிருந்து எடுத்தால் அந்தக் கறுப்புக்குப் புது உயிர் வருகிறது.

இந்த இடத்தில் தங்கள் இளைஞர் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். கட்டுரையின் தலைப்பில் ‘இசை’ என்ற எழுத்துகளின் முனைகளில் முள்ளை ஒட்டி, கீழே நெருப்பையும் வைத்திருந்தீர்கள். உருண்டு திரண்ட இன்றைய தமிழ் எழுத்துக்கு முள் ஒட்டவே இல்லை. முள்ளம்பன்றி உட்கார்ந்திருப்பதாகப் பேரன் சிரித்தான். கடுமையான எழுத்து வேண்டுமானால் நம்மிடமே உள்ளது. மதுரை அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டில் உள்ள தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துகள் நேர்கோடும் கூர்முனையுமாக, பாறையில் உளியால் வெட்டியவை. அவற்றின் சாயலில் ஒரு தலைப்பை வரையச் சொல்லுங்கள். பக்கம் முழுவதையும் கறுப்பாக்கும் ஆசை மட்டும் வேண்டாம்: நியூஸ்பிரிண்ட் தாள் மையைக் குடித்துப் பரப்பிவிடும், வெள்ளெழுத்து அடைபடும், வாசகரின் விரலெல்லாம் கறுத்துப் போகும். நடுநிறம் இல்லாத ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக வைத்து, சுற்றிலும் தாளின் நிறத்தையே விட்டுவிடுங்கள். அடுத்த முறை இப்பக்கம் அச்சேறும்போது, பிளேட் எடுப்பதற்கு முன் பக்கத்தின் மாதிரிப் படிவத்தை எனக்கு அனுப்பினால் கட்டணம் இன்றிப் பார்த்துத் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.