கிடைத்த இடம் தெரியாத காசுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நாணயச் சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில், ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த காசை உறையிலிருந்து எடுத்துக் காட்டுவதும், பூதக்கண்ணாடி கைமாறுவதும் வழக்கம். அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால், எங்கே கிடைத்தது என்று கேட்டால், "வியாபாரியிடம் வாங்கினேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியச் செப்புக்காசுகளும், தலை உருவத்துடன் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளும் கிடைத்ததால்தான், அவ்வூரின் பழைய வணிகத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. இடம் தெரியாமல் வந்திருந்தால், அவற்றின் சான்று மதிப்பில் பெரும்பகுதி போயிருக்கும்.

புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது இன்னொரு கேடு. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவத்தருகே நாகரியில் 'ஸ்ரீராஜராஜ' என்ற எழுத்தும் உள்ள சோழர் செப்புக்காசில், களிம்போடு எழுத்தும் போய்விடுகிறது.

மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். (இன்றைய விலைவாசியில் எந்தப் பழங்காசு அதற்குள் அடங்கும்?) புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் இளைஞர்கள் பலர் இதை அறியார்.

எனவே, கண்காட்சி நடத்துவோர், எடை, விட்டம், கிடைத்த இடம், வாங்கிய ஆண்டு ஆகியவற்றைக் குறித்த அட்டையில்லாத காசைப் பார்வைக்கு வைக்க அனுமதிக்கக் கூடாது என வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
கரூர்.