கனவு அணிக்கு எந்தச் சுருதி?

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. டிரம்மும் பித்தளைக் குழலும் கொடியுமாக மைதானத்தில் ஓடி வாசித்துப் போட்டியிடும் அமெரிக்க இளைஞர் அணிகளிலிருந்து உனக்குப் பிடித்தவர்களைப் பொறுக்கி, "எல்லாக் காலத்துக்குமான கனவு டிரம் கோர்" என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறாய். கீழே பார்த்தால் 2008-க்கு முன்னால் ஒருவருக்கும் இடம் இல்லை. நீ பார்த்த காலம்தான் எல்லாக் காலமும் போலிருக்கிறது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துவிட்டு, "நம் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்" என்றார். அவர் எப்போதும் உன் கட்சிதானே. அதனால் நான் தனியாகவே சண்டைக்கு வருகிறேன்.

முதல் குற்றம், நீ ஆள் ஆளாகப் பெயர் எழுதியது. ஸ்னேர் என்னும் சிறு டிரம் வரிசையில் எட்டு ஒன்பது பேர் வாசித்தால், ஒரே ஒருவர் வாசிப்பதாகக் காதுக்குக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மேலே உட்கார்ந்திருக்கும் நான் "மூன்றாவது பையன் யார்?" என்று கேட்டால், அன்று அவன் தவறிவிட்டான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கலையில் பெயர் சொல்லி ஆள் பொறுக்குவது எப்படி? கிரிக்கெட் அணிக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது போல இது நடக்காது. நான் வரிசைகளைத்தான் எடுக்கிறேன்: இந்த அணியின் இந்த வருடத்து ஸ்னேர், அந்த அணியின் அந்த வருடத்துக் குழல்கள் என்று. ஒரே ஒரு பெயரை மட்டும் தனியாகச் சொல்வேன். அதற்குக் காரணம் பிறகு.

இடையில் ஒரு கதை. போன வாரம் பெரியம்மா தொலைபேசியில், "அவள் அந்தக் காலத்தில் என்னதான் வாசித்தாள்? கல்யாண பாண்டு வாத்தியமா?" என்று கேட்டாள். கிளாரினெட் கிடையாது, சாக்ஸபோன் கிடையாது, பித்தளைக் குழல்களும் டிரம்களும் கொடிகளும் மட்டும். கால்பந்து மைதானம் முழுவதும் ஓடிக்கொண்டே பதினொரு நிமிடம் வாசிப்பார்கள். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் படுப்பார்கள். இருபத்தொரு வயதோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினேன். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. "நன்றாக வாசிக்க ஆரம்பிக்கும் வயதில் ஏன் அனுப்புகிறார்கள்?" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

சரி, என் அணி.

டிரம்களுக்கு 1980-களின் சாண்டா கிளாரா வான்கார்ட். ரால்ஃப் ஹார்டிமன் எழுதிய வாசிப்பு. நீ உடனே கைகளின் வேகத்தைப் பற்றிப் பேசுவாய். இன்றைய பிள்ளைகள் வேகமானவர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் காலத்து ஸ்னேரில் கெவ்லார் என்னும் செயற்கை இழைத் தோல். மேசையில் தட்டுவது போல ஒவ்வொரு அடியும் காய்ந்து பிரிந்து விழும். அதற்கு முந்திய மைலார் என்னும் பிளாஸ்டிக் தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அடிக்குப் பின்னால் ஒரு மூச்சு நிற்கும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த மூச்சு வேண்டும். நீ சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் கற்ற சொல்லுக்கட்டை, பிறகு இங்கே டிரம்காரப் பிள்ளைகள் "தத் தத்" என்று வாயால் கணக்குச் சொல்வதோடு சேர்த்து முணுமுணுத்துக்கொண்டு திரிவாயே, அதே காதைத்தான் சொல்கிறேன்.

அணிவகுப்புக்கு நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ். 1983, 1984, 1985 என்று வரிசையாக மூன்று வருடம் பட்டம் வாங்கியவர்கள். அதுவரை பெரும்பாலும் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னவோ அந்தப் பக்கமும் அதுவே, கோலத்தின் இரண்டு பாதி போல. அவர்களின் அணிவகுப்பை வடிவமைத்த ஜார்ஜ் ஜிங்காலி வந்து கோலத்தைக் கலைத்து ஓடவிட்டார். இன்று கொடிப் பிரிவுக்கான பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. 2002-இன் கேவலியர்ஸ் இன்னும் துல்லியம் என்பாய். துல்லியம்தான். ஆனால் அந்த அணி நெடுங்காலம் ஆண் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. என் கனவில் என் பெண்ணுக்குக் கதவு சாத்துகிற அணிக்கு இடமில்லை. நியாயமான காரணம் இல்லைதான். பட்டியல் என்னுடையது.

கொடிக்கும் மரத்துப்பாக்கிக்கும் மாசசூசெட்ஸின் 27-வது லான்சர்ஸ். 1986-இல் அந்த அணி முடிந்துபோனது. நான் பழைய பதிவுகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். துப்பாக்கிகள் மேலே சுழன்று எல்லார் கையிலும் ஒரே நொடியில் வந்து விழும் சத்தம் அந்தத் தேய்ந்த பதிவிலும் கேட்கிறது. உன் அணியோடு ஊர் ஊராக வந்த நம் சமையல் வண்டியில் வெங்காயம் நறுக்குவாரே ஒரு தாத்தா, எழுபதுகளில் வேறொரு அணியில் பியூகிள் என்ற பித்தளைக் குழல் வாசித்தவர், அவர்தான் முதலில் எனக்குக் காட்டினார். நூற்றைம்பது பேருக்கு நான் எலுமிச்சைச் சாதம் கிளறிய அன்றைக்கு. நீங்கள் எல்லாரும் அதற்கு மேல் தக்காளி சாஸ் ஊற்றினீர்கள், மறக்கவில்லை.

இனி குழல்கள். இங்கேதான் உன் பட்டியல் உடைகிறது, அம்மு. நீ குழலுக்கு 2013-இன் கரோலினா கிரவுன் பிள்ளைகளின் பெயர்களையே எழுதியிருக்கிறாய். அவர்கள் அன்று வாசித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பழைய அணிகள் எல்லாம் ஜி சுருதி பியூகிள் வாசித்தவை. வேறு சுருதிக் குழல்களுக்கு விதி இடம் கொடுத்தது 2000-இல்தான். உன் கிரவுன் பிள்ளைகளையும் என் பழைய பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் அவரவர் குழலோடு நிறுத்தினால், ஒரு கச்சேரியில் இரண்டு தம்பூரா இரண்டு சுருதியில் மீட்டியது போல இருக்கும். கனவு அணி என்றால் யார் கையில் எந்தக் குழலைக் கொடுப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டாமா? இதை யாரும் யோசிப்பதில்லை.

நான் எல்லாருக்கும் ஜி பியூகிள்தான் கொடுப்பேன். முரட்டுக் குழல், சுருதி நழுவும், எட்ட நின்றாலும் நெஞ்சில் இடிக்கும். வரிசைக்கு 1993-இன் ஸ்டார் ஆஃப் இண்டியானா. அந்த வருடம் மிசிசிப்பியின் ஜாக்ஸன் நகரில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் கேடட்ஸிடம் தோற்றார்கள். பார்பரும் பார்டோக்கும் எழுதிய இறுக்கமான இசை. ரசிகர்களில் ஒரு பகுதியினருக்குக் கோபம்கூட வந்தது. பிறகு போட்டியையே விட்டுவிட்டுப் போனார்கள். அதே அணியிலிருந்து கிளைத்த மேடை நிகழ்ச்சி 2001-இல் பிராட்வேயில் டோனி விருது வாங்கியது. அவர்கள் மெதுவாக வாசிக்கும் இடங்களைக் கேள். உரக்க ஊதுவதற்கென்றே பிறந்த குழலை அப்படித் தாழ்த்தி வாசிப்பது எத்தனை கடினம் என்று உனக்குத் தெரியும்.

அந்த ஒரே பெயர், பானி ஆட். எழுபதுகளின் பிற்பகுதியில் ப்ளூ டெவில்ஸ் அணியில் மெல்லோஃபோன் வாசித்த பெண். விரலால் அழுத்தும் வால்வு இரண்டே உள்ள பியூகிள் அது. எல்லாச் சுரமும் அதில் கிடைக்காது. இல்லாததைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வாசிக்க வேண்டும். அவர் வாசித்ததைக் கேட்டால் எதுவும் இல்லாமல் போனதாகத் தெரியாது. தனியாக நின்று வாசிப்பவர் வரிசைக்குள் மறைய வேண்டியதில்லை, அதனால்தான் விதிவிலக்கு.

ப்ளூ டெவில்ஸ் என்றதும் நினைவு வருகிறது. 2014-இல் அவர்கள் நூற்றுக்கு 99.650 வாங்கிய இரவில் நாம் மூவரும் இண்டியானாபோலிஸில் லூகாஸ் ஆயில் அரங்கில் இருந்தோம். உன் அணி எப்போதோ ஆடி முடித்திருந்தது. நீ சீருடையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாய். நான் வாழைப்பழம் கொடுத்தேன், நீ தோலை உரித்துவிட்டுத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாய். அன்றைக்கு உனக்கு இருபத்தொன்று. ப்ளூ டெவில்ஸின் வரிசை எதையும் நான் பட்டியலில் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மற்றபடி அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் அணியையும் சேர்க்கவில்லை, கவனித்திருப்பாய். வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பரிசு கொடுக்கக்கூடாது.

ஆனால் இதனால் ஒரு சிக்கல் வந்துவிட்டது. பேஸ் டிரம் என்னும் பெரிய டிரம்முக்கு ஐந்து பேர் வேண்டும். வான்கார்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு எழுத்தாகப் பிரித்து வாசிப்பதை எந்தப் பதிவில் கேட்டாலும் என் காது நான்காவது டிரம்மைத்தான் தேடுகிறது. மூன்று கோடை உன் எழுத்து வரும் இடத்தை எண்ணியே பழகிவிட்டது. இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் நடுவராக இருக்க முடியாது. அந்த ஐந்து பேரை நீயே எழுதி அனுப்பு. 2008-க்கு முந்தியவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கார் கொட்டகையில் உன் பழைய பேஸ் டிரம் அடிக்கும் கோல்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் பஞ்சு பிய்ந்திருக்கிறது. இங்கேயே இருக்கட்டுமா, பருப்புப்பொடியோடு சேர்த்து அனுப்பவா?

அன்புடன்,
அம்மா