மடிப்பில் வெள்ளைக் கோடு

அன்பு ராசாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்கு நிறம் அருமையாக வந்திருக்கிறது. நடு மடிப்பில் மட்டும் நிறம் வெடித்து, வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. அட்டை மட்டம் என்று காகிதக்காரரைத் திட்டுகிறாய். அதற்கு முன் அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாயா?

மில்லில் காகிதம் ஓடி வரும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடும். நாரோடு மடித்தால் இணங்கும், குறுக்கே மடித்தால் முறியும். அதே அட்டையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார். ஒரு பக்கம் சொன்னபடி வளையும், இன்னொரு பக்கம் விரலை எதிர்த்துத் தள்ளும். சொன்னபடி வளைகிற பக்கம்தான் மடிப்பு வர வேண்டும். அடுத்த வேலைக்கு ஷீட்டில் பக்கங்களை அடுக்கும்போதே இதைப் பார்த்துவிடு.

பிளேடால் கோடு இழுத்து மடிப்பதாகச் சொன்னாயே, அதை இன்றோடு விட்டுவிடு. பிளேடு மேல்நாரை அறுத்துவிடும். நாலு முறை திறந்து மூடினால் பத்திரிகை இரண்டாகிவிடும். அதற்குப் பதில் கிரீஸ் போடு, அதாவது மடிக்கும் இடத்தில் அழுத்தித் தடம் பதி. கிரீஸ் அறுப்பதில்லை. ரூல் என்கிற மழுங்கிய உலோகப் பட்டை, அட்டையை அடியிலுள்ள பள்ளத்துக்குள் அழுத்தி, உள்ளடுக்குகளை நெகிழ்த்துகிறது. மடிக்கும்போது அவை உள்ளே புடைத்துக்கொள்வதால் மேல்தோல் அவ்வளவு இழுபடாது. பள்ளத்தின் அகலத்துக்கு எங்கள் கணக்கு: அட்டைக் கனத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு ரூலின் கனம். 0.3 மி.மீ. அட்டை, 0.7 மி.மீ. ரூல் என்றால் 1.3 மி.மீ.

கிரீஸ் போட்டதும் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. கை தானாகப் பள்ளத்துக்குள் மடிக்கத்தான் போகும். கூடாது. மேடு மடிப்பின் உள்பக்கம் போக வேண்டும். சிவகாசியில் பைண்டிங்கில் சேர்ந்த முதல் மாதம் நான் ஒரு நாள் முழுக்க டைரி உறைகளை மேடு வெளியே தெரிய மடித்து அடுக்கினேன். மாலையில் மேஸ்திரி ஒன்றை எடுத்துத் திறந்தார், மூடினார். உறையின் முதுகு நெடுக மேல்தோல் பிளந்திருந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் டிஜிட்டல் மிஷினில் டோனர் என்கிற மைத்தூள் காகிதத்துக்குள் ஊறாமல் மேலே படலமாக உட்காருகிறது. அதனால் அடர்நிறம் மடிப்பில் வந்தால் வெடிப்பு பளிச்சென்று தெரியும். அப்படிப்பட்ட வேலைக்கு லேமினேஷன் போட்டுவிட்டு, அதன் பிறகு கிரீஸ் போடு.

மடிக்காமல் மிச்சம் இருப்பவற்றைத் தொடாதே. அவற்றில் பத்துப் பத்திரிகைகளை மட்டும் பஸ்ஸில் பார்சல் போடு. இங்கே கிரீஸ் போட்டு மடித்துப் பார்த்துச் சொல்கிறேன். வெடித்தவற்றைக் கல்யாண வீட்டில் கொடுத்துவிடாதே ராசா. முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைப்பார்கள். மடிப்பு வெடித்த பத்திரிகையை அங்கே வைக்க அவர்களுக்கு மனம் வருமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா