விதிகளை எடுத்தால் போதுமா, தேட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு கடைகளுக்கு டேட்டா மைனிங் (சேர்ந்து கிடக்கும் தரவை அலசி அதில் ஒளிந்திருக்கிற வழக்கங்களைக் கண்டுபிடிப்பது) எப்படி உதவும் என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தது சந்தோஷம். ஆனால் பில்களை அலசி 'இதை வாங்குபவர் அதையும் வாங்குகிறார்' என்கிற விதிகளை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது போல நிறுத்திவிட்டீர்கள். தலைவலியே அதற்கு அப்புறம்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வெறும் 6 பொருளை வைத்தே 602 விதிகள் அமைக்கலாம், 10 பொருள் என்றால் 57,002. குறைந்தபட்ச சப்போர்ட் (மொத்த பில்களில் எத்தனை சதவீதத்தில் அந்தப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து வருகின்றன), கான்ஃபிடன்ஸ் ('இதை' வாங்கிய பில்களில் எத்தனை சதவீதத்தில் 'அதுவும்' இருக்கிறது) என்று வரம்பு வைத்து வடிகட்டினாலும் ஒரு மளிகைக் கடைக்குப் பக்கம் பக்கமாக வந்து விழும். உளுந்து வாங்கினால் இட்லி அரிசி, உளுந்தும் வெந்தயமும் வாங்கினால் இட்லி அரிசி, உளுந்தும் வெந்தயமும் உப்பும் வாங்கினால் அதே இட்லி அரிசி. ஒரு முதலாளி இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே, ஏற்காட்டுக் கடைக்காரங்க மே மாசம் மட்டும் சேர்த்து வாங்குறது என்னன்னு சொல்லு" என்றார். சரியான கேள்வி. கோடை சீசனுக்கு மலைக்கு என்ன ஏற்றி வைக்க வேண்டும் என்பதுதானே அவருக்கு வேண்டியது! அந்தக் கேள்வியைக் கேட்க அந்த சாஃப்ட்வேரில் இடமே இல்லை.

இத்தனைக்கும் இது புதுப் பிரச்சினை இல்லை. 1993இல் இந்த வகை விதிகளைப் பற்றி முதலில் எழுதிய ஆராய்ச்சியாளர்கள் அகர்வால், இமிலின்ஸ்கி, சுவாமி மூவரில் இமிலின்ஸ்கியே 1996இல் மன்னிலாவுடன் சேர்ந்து, தரவைக் கேள்வி கேட்பது போல விதிகளையும் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்று வாதாடினார். அப்புறம் விர்மானியுடன் சேர்ந்து எம்.எஸ்.க்யூ.எல் என்ற மொழியையே உருவாக்கினார். பில்களிலிருந்து விதி எடுக்க அதில் ஒரு கட்டளை, எடுத்து வைத்த விதிகளுக்குள் தேட இன்னொரு கட்டளை. இத்தாலியில் மெயோ, ப்சைலா, செரி மூவரும் 1996இலேயே 'மைன் ரூல்' என்ற கட்டளையைக் கொண்டுவந்தார்கள். அதில் விதிகள் டேட்டாபேஸில் டேபிளாகவே வந்து உட்காரும், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான சாதாரண எஸ்.க்யூ.எல் தெரிந்தவர் தேடிக்கொள்ளலாம்.

நம் பில்லிங் சாஃப்ட்வேர் செய்பவர்கள் அந்த அளவாவது செய்யலாம். விதி எண், இடப்பக்கமா ('இதை வாங்குபவர்') வலப்பக்கமா ('அதையும் வாங்குகிறார்'), பொருள் என்று ஒரு டேபிள்; விதி எண், சப்போர்ட், கான்ஃபிடன்ஸ், எந்த மாத பில் என்று இன்னொன்று. வலப்பக்கம் நெய் இருக்கிற விதிகள் மட்டும் வேண்டும் என்றால் ஒரு வரியில் வந்துவிடும். வெந்தயத்தைச் சேர்த்தும் கான்ஃபிடன்ஸ் ஏறவில்லை என்றால் அந்த நீள விதியைக் காட்டாதே என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் முடியும். ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மே மாதப் பட்டியலில் இருக்கிற விதி ஜூனில் இல்லை என்றால் ஜூனில் அப்படி யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. கான்ஃபிடன்ஸ் வரம்பு 60 சதவீதம் வைத்திருந்து அது 59இல் நின்றிருக்கலாம். அதனால் தேடும் வசதி விதிகளோடு நிற்காமல் பில்கள் வரைக்கும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கடைக்காரர் தப்பாகச் சரக்கு எடுத்து நஷ்டப்படுவார்.

அடுத்த கட்டுரையில் இதைத்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஒரு மளிகைக் கடை பில்லை வைத்து இரண்டு மூன்று கேள்விகளையாவது எஸ்.க்யூ.எல்லில் முழுசாக எழுதிக் காட்டி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.