மினாண்டாவைக் காணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் போன் கேமில் பணத்தைக் கரைப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். பணம் போனது சரி, கேமே போய்விட்டதை யாரும் எழுதவில்லை. எனக்கு 36 வயது, துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு பார்க்கிறேன். இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வியாசர்பாடிக்காரனுக்குக் கால்பந்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் முல்லை நகர் மைதானம், சாயங்காலம் தெருமுனை கேம் கடை. மணிக்கு 20 ரூபாய், பிளேஸ்டேஷன் 2. அட்டையில் புரோ எவல்யூஷன் சாக்கர் என்று இருக்கும், எங்களுக்கு 'பெஸ்'. 2006இல் வந்த ஆறாவது பாகம்தான் உச்சம். நிஜப் பெயரைப் போட உரிமம் கிடையாது என்பதால் லிவர்பூல் 'மெர்சிசைடு ரெட்' என்று வரும், யாரும் கண்டுகொண்டதில்லை. இன்டர் மிலானின் அட்ரியானோ இடது காலால் அடித்தால் கோலி நின்ற இடத்தில் நிற்பான். அதனால் பந்தய ஆட்டத்தில் அந்த அணியை எடுக்கக் கூடாது என்று கடையில் சட்டமே இருந்தது.

ஆனால் நான் போனது மாஸ்டர் லீகுக்காக, அதாவது ஒரு அணியை நீங்களே சீசன் சீசனாக நடத்தி வளர்க்கும் பகுதிக்காக. ஊர் பேர் தெரியாத கற்பனை ஆட்கள்தான் முதலில் உங்கள் அணி. கோலி இவரோவ், நடுவில் மினாண்டா, முன்னால் காஸ்டோலோ. ஓடவும் தெரியாது, பாஸும் சேராது. இவர்களை வைத்து இரண்டாம் டிவிஷனில் அடி வாங்கி, ஜெயித்துப் புள்ளி சேர்த்து, ஒவ்வொரு ஆளாக வாங்க வேண்டும். வருஷக் கடைசியில் சம்பளம் கொடுக்கப் புள்ளி இல்லையென்றால் ஆட்டம் அவ்வளவுதான். தீப்பெட்டி சைஸ் மெமரி கார்டு, 8 எம்பி. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். சேவ் பண்ணுவதற்குள் கரண்ட் போய் ஒரு முழு சீசன் காணாமல் போன அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

2021 செப்டம்பர் 30இல் பெஸ்ஸைத் தயாரிக்கும் கோனாமி கம்பெனி, பெயரையே மாற்றி 'இஃபுட்பால்' என்று இலவசமாக விட்டது. ஒன்பதே அணிகள். வீரர்களின் முகங்கள் மெழுகு உருகின மாதிரி. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அன்றைக்கு அதைவிட மோசமான மதிப்பீடு வாங்கிய கேம் கிடையாது. கம்பெனியே மன்னிப்புக் கேட்டது, அடுத்த ஏப்ரலில் பெரிய திருத்தமும் வந்தது. முகத்தைத் திருத்திவிடலாம், அது எனக்குக் குறையே இல்லை. மாஸ்டர் லீக் இல்லாமலே கடையைத் திறந்தார்களே, அதுதான் ஆறவில்லை. அதற்குப் பதில் காயின் கொடுத்துச் சுழற்று, அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர வீரர் விழுவார். அக்கா பையன் அணியில் முதல் வாரமே மெஸ்ஸி. ஒரு மாதத்தில் அவனுக்கே சலித்துவிட்டது. மினாண்டாவைப் பற்றிச் சொன்னால், "யார் மாமா அது, எந்த கிளப்?" என்கிறான்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அந்தக் கடையில் ஓடியது எல்லாம் காப்பி சிடிதான். அந்தப் பாவம்தான் இப்போது இலவசமாக வந்து பிடித்துக்கொண்டதோ என்னவோ. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும், தருகிறேன். பழைய மாஸ்டர் லீகை அப்படியே கொடுத்தால் போதும்.

என் பிஎஸ் 2வின் லென்ஸ் போய்விட்டது. ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். கார்டு மட்டும் பீரோவில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் லென்ஸ் மாற்றித் தருகிற மெக்கானிக் வடசென்னையில் யாராவது இருந்தால், தெரிந்த வாசகர்கள் இதே பகுதியில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், வியாசர்பாடி